எந்த வகை என்று அறிவது கடமையா?



சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஜெபமாலையும் ஆசீர்வாதமும் முடிந்து ஜனங்கள் கலைந்து போன பிறகு, ஒரு வாலிபர் மட்டும் கோவில் நடையிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப் பை; பைக்குள் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். அவர் கேட்டது இதுதான்: "சாமி, அப்பாவுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்காமல் விட்டால் பாவமாகுமா?"

ஊரப்பாக்கத்தில் பங்குக் குருவைத் தேடி வரும் விஷயங்கள் பெரும்பாலும் கலியாண ஓலை, பள்ளிக்கூடச் சிபாரிசு, இல்லாவிட்டால் வேலித் தகராறு. இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், அதை உங்கள் முன் வைக்கிறேன். ஏனென்றால் இன்று அவர்கள் வீட்டுக்கு வந்த கேள்வி நாளை எந்த வீட்டுக்கும் வரக்கூடியது.

தகப்பனார் அறுபது வயது தாண்டியவர். முப்பது வருஷம் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்தவர். இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், ஒரு கருப்புப் புள்ளி தோன்றிற்று. கால் ஆணி என்று நினைத்தார். மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார், பிளேடால் சீவினார், இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ரத்தம் கசியத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. சதைத் துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு, மெலனோமா என்று சொன்னார்கள். தோல் புற்றுநோய்களில் பொல்லாதது. அந்த இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டி எடுக்க வேண்டும், தொடை இடுக்கில் நெறி கட்டும் இடத்தையும் சோதிக்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள். இவையெல்லாம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே நடக்கும். இதற்கிடையில் வேறொருவர் மகனிடம், அந்தச் சதையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அதிலுள்ள ஜீன்களைப் படித்து, இது திரும்பி வரும் வகையா, வராத வகையா என்று சொல்லிவிடுவார்கள் என்றிருக்கிறார். செலவு லட்சக் கணக்கில். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் தங்கையின் கலியாணத்துக்கென்று வாங்கிப் போட்டிருக்கும் ஒரே மனையை விற்றால்தான் அது முடியும்.

தோல் வியாதியைப் பற்றிக் குருவானவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சிரிக்கலாம். லேவியராகமத்தின் 13-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தோலில் ஒரு தடிப்போ வெள்ளைப் புள்ளியோ கண்டால் அந்த மனிதனைக் குருவிடம் கொண்டுபோக வேண்டும். அந்த இடம் மற்றத் தோலைவிடப் பள்ளமாயிருக்கிறதா, அதிலுள்ள ரோமம் வெளுத்துவிட்டதா என்று குரு பார்ப்பார். சந்தேகமானால் ஏழு நாள் தனியே அடைத்துவைத்து மறுபடி பார்ப்பார். இன்னும் தெளியவில்லையானால் இன்னொரு ஏழு நாள். ஆக, தோல் வியாதியை வகை பிரிக்கும் உத்தியோகம் ஒரு காலத்தில் எங்களுடையது! அதை நல்ல வேளையாக வைத்தியர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பழைய பிரிப்பில் ஒரு குறை இருந்தது. அதன் முடிவில் இரண்டே தீர்ப்புதான்: பாளையத்துக்கு உள்ளே, அல்லது வெளியே. நோயாளிக்குச் செய்யவேண்டியது என்று அதில் ஒன்றுமில்லை. சேசுநாதர் குஷ்டரோகியைச் சந்தித்தபோது முதலில் அவனைத் தொட்டார். குருவிடம் போய் உன்னைக் காண்பி என்று சொன்னது அதற்குப் பிறகுதான்.

நம் தேசத்து வைத்தியரும் புற்றுநோயை வகை பிரித்ததுண்டு. பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் ஆய்வுக்கூடங்களை நடத்திய டாக்டர் கானோல்கர் 1945-ல், இந்தியருடைய பழக்கவழக்கங்களால் உண்டாகும் மூன்று வகைப் புற்றுநோயை எடுத்துக் காட்டினார். அவற்றில் ஒன்று வேட்டிப் புற்றுநோய். வேட்டியையும் சேலையையும் வருஷக்கணக்காய் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் தோல் தடித்து, புண்ணாகி, சிலருக்குப் புற்றாக மாறுகிறது. காஷ்மீரத்தில் குளிருக்காக நெருப்புச் சட்டியை மேலங்கிக்குள்ளே வயிற்றோடு அணைத்து வைப்பார்கள்; அங்கே வயிற்றிலும் தொடையிலும் வரும் தோல் புற்றுக்கு அந்தச் சட்டியின் பெயரால் காங்கிரிப் புற்று என்றே பெயர். இப்படிப்பட்ட பிரிப்பு ஏழைக்கு உதவுகிறது. இன்ன வகை என்று தெரிந்த உடனே, முடிச்சைத் தளர்த்து, சட்டியைத் தள்ளி வை என்று சொல்ல முடிகிறது. காலணா செலவில்லை.

மெலனோமா வேறு ஜாதி. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களில் பிறப்பது. வெள்ளைக்காரருக்குப் பெரும்பாலும் வெயிலால் வருகிறது. கருத்த தோலுடைய நமக்கு இது அபூர்வம். ஆனால் வந்தால் வெயில் படாத உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கடியில் வருவதே அதிகம். நம் வாலிபர் சிலர் சட்டையில் படமாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்களே, ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி, அவருக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்துக்கடியில் கண்டது இதுதான். 1981-ல் 36 வயதில் இறந்தார். பாட்டு மட்டும் தெரிந்தால் போதாது, இதுவும் தெரியட்டும்.

இனி அந்தப் பரிசோதனைக்கு வருவோம். ஜீன் என்றதும் இது ஏதோ தேவனுக்கு விரோதமான வித்தை என்று பயப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. 1866-ல் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை வெளியிட்டு இந்தச் சாஸ்திரத்துக்கு அஸ்திவாரம் போட்ட மெண்டல், அகுஸ்தீன் சபைத் துறவி, நம் குருவானவர்களில் ஒருவர். பயம் வேண்டாம்.

நம் வீடுகளில் பழைய ஜெபப் புத்தகம் ஒன்று இருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே புத்தகம், ஒரே அச்சு. ஆனால் ஒரு வீட்டில் மரித்தோருக்கான ஜெபங்கள் உள்ள பக்கம் விரல் பட்டு அழுக்கேறியிருக்கும். இன்னொரு வீட்டில் பிரசவ வேதனைப்படுகிறவர்களுக்கான பக்கம். வேறொரு வீட்டில் புத்தகம் முழுவதும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும் (அந்த வீட்டார் யார் என்று நான் சொல்லப் போவதில்லை). பக்கங்களின் தேய்வைப் பார்த்தே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். நம் சரீரமும் அப்படியே. ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே புத்தகம்தான், சுமார் 20,000 ஜீன்கள். கண்ணில் இருக்கும் உயிரணு சில பக்கங்களை வாசிக்கிறது, தோலில் இருப்பது வேறு சிலவற்றை. வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்துக்கு ஒரு சிறு நகல் உண்டாகிறது. அந்த நகல்களை எண்ணினால், எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். இதைத்தான் ஜீன் வெளிப்பாடு என்கிறார்கள்.

1999-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து, லூக்கேமியா என்னும் ரத்தப் புற்றில் இரண்டு வகைகளைக் கணக்குப் பொறி தானே பிரித்துக் காட்டும்படி செய்தார்கள். மறு வருஷமே, 2000-ல், பிட்னர் என்பவரும் கூட்டாளிகளும் 31 மெலனோமா மாதிரிகளை இதே விதமாய்ப் பரிசோதித்து 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். ஒரே பெயரால் அழைக்கப்பட்ட அந்த மாதிரிகளில் ஒரு கூட்டம் தனியே ஒதுங்கி நின்றது. அந்தக் கூட்டத்து உயிரணுக்களுக்கு இடம் விட்டு இடம் நகர்ந்து பரவும் சக்தி குறைவாயிருந்தது. 2015-ல் 331 நோயாளிகளின் கட்டிகளைப் படித்துப் பெரிய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. வெளிப்பாட்டைக் கொண்டு மூன்று கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தில், புற்றின் பக்கங்களோடுகூட, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் பக்கங்களும் மிகுதியாய் வாசிக்கப்பட்டிருந்தன. அதாவது சரீரத்தின் காவற்காரர் கட்டிக்குள்ளேயே புகுந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்து நோயாளிகளே மற்றவர்களைவிட அதிக காலம் பிழைத்திருந்தார்கள். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். சாகப்போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போன சதையிலிருந்தல்லவா பிறர் பிழைப்பதற்கான இந்த அறிவு வந்தது! அவர்களில் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. மரித்தோர் பூசையில் அவர்களையும் நினைக்கலாம்.

சரி, இது நம் சகோதரருக்கு எதைச் சொல்லும்? எனக்குத் தெரிந்த கத்தோலிக்க வைத்தியர் ஒருவரிடம் காகிதங்களோடு போய்க் கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது. அந்த 331 பேரில் பெரும்பாலோர் வெள்ளையர். வெயிலால் வந்த மெலனோமாக்களே மிகுதி. உள்ளங்காலில் வந்தவை மிகச் சில. ஆகவே அதிலிருந்து கிடைத்த அளவுகோலை அப்படியே இவர் காலில் வைத்து அளக்க முடியாது. அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகமே 2019-ல் வெளியிட்ட நெறிமுறையில், மெலனோமா திரும்ப வருமா என்று சொல்லும் இவ்வகைப் பரிசோதனைகளை எல்லாருக்கும் வழக்கமாய்ச் செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறது. முடிவு எதுவாக வந்தாலும் இப்போது செய்யவேண்டியது அந்த ஆபரேஷன்தான்.

இதோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். 2002-ல் மெலனோமாவில் பிராஃப் என்னும் ஒரு ஜீன் பழுதுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2011 முதல் அந்தப் பழுதைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகள் உண்டு. நோய் பரவிவிட்டால், அந்தப் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை மருந்தையே மாற்றக்கூடியது. உள்ளங்கால் வகையில் அந்தப் பழுது குறைவு, ஆனால் இல்லாமலில்லை. அந்த நிலை வந்தால் வைத்தியரே கேட்பார். அப்போது பார்க்க வேண்டியதுதான்.

இப்போது மகனுடைய கேள்வி. அதில் இரண்டு கற்பனைகள் மோதுவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. தாய் தகப்பனைச் சங்கித்திருக்கச் சொல்லும் 4-ம் கற்பனை ஒரு பக்கம். உயிரைக் காக்கச் சொல்லும் 5-ம் கற்பனை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து, மனையை விற்று என்று அவரைத் தள்ளுகின்றன. ஊராரும் தள்ளுவார்கள். "பெற்ற அப்பனுக்குச் செலவழிக்கக் கணக்குப் பார்த்தான்" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து கடனாளியான குடும்பங்கள் நம் பங்கிலேயே உண்டு.

ஆனால் திருச்சபை இதில் வெகுகாலமாகவே நிதானமாய்ப் பேசிவந்திருக்கிறது. உயிரைக் காக்க சாதாரண வழிகளைக் கையாள எவரும் கடமைப்பட்டவர். அசாதாரண வழிகளுக்குக் கடமைப்பட்டவரல்ல. 16-ம் நூற்றாண்டில் சாலமாங்காப் பட்டணத்தில் போதித்த விட்டோரியா என்ற சாமிநாதர் சபைக் குரு, கோழி இறைச்சி தின்றால் ஆயுசு நீளும் என்று வைத்தியன் சொன்னாலும், விலை உயர்ந்த அந்த ஆகாரத்தை வாங்கித் தின்ன ஒருவன் கடமைப்பட்டவனல்ல என்று தீர்த்தார். அக்காலத்தில் கோழி பணக்காரர் ஆகாரம்! குருமடத்தில் இதைக் கேட்டபோது நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. கோழி இருந்த இடத்தில் இன்று பரிசோதனைகள் இருக்கின்றன. பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1957 நவம்பர் 24-ந் தேதி வைத்தியர்களுக்குப் பேசியபோது, ஆட்களையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகாத வழிகளுக்கே ஒருவர் சாதாரணமாகக் கடமைப்பட்டிருக்கிறார் என்று விளக்கினார். "பிறருக்கோ" என்பதைக் கவனியுங்கள். அந்தத் தங்கையின் மனை அதற்குள் அடங்கும். 1980-ல் ரோமாபுரியிலிருந்து வந்த அறிக்கையும், செலவையும் எதிர்பார்க்கும் பலனையும் நோயாளியின் நிலையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. திருச்சபைக்குச் செலவு என்பது வெட்கப்பட வேண்டிய வார்த்தை அல்ல.

ஆகவே என் தீர்மானம் இது. ஒரு நோய் எந்த வகை என்று அறிவது, அந்த அறிவினால் அந்த நோயாளிக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கும் அளவுக்குத்தான் நம்மைக் கட்டும். ஆபரேஷனை மறுப்பது பாவமாகலாம். இந்தப் பரிசோதனையை விடுவது பாவமல்ல. நாளைக்கே ஆராய்ச்சி முன்னேறி, இதைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை வந்து, விலையும் குறைந்தால், என் பதிலும் மாறும், பிரமாணம் மாறாது.

"எப்படியிருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லதல்லவா, சாமி?" என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. சத்தியம் எப்போதும் நல்லதுதான். ஆனால் யாருக்குத் தெரிந்துகொள்வது? இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. தகப்பனாருக்கு இன்னும் புற்றுநோய் என்றே சொல்லவில்லை. காலில் கட்டி, வெட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். முதல் நாள் மகன் இதைச் சொன்னபோது, "நல்லது, கலங்கப் பண்ண வேண்டாம்" என்று நானும் தலையாட்டியிருந்தேன். அது என் தப்பு. எத்தனையோ வீடுகளில் அப்படித் தலையாட்டியிருக்கிறேன். எளிது, கண்ணீரைப் பார்க்க வேண்டியதில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதருடைய சதையின் அந்தரங்கத்தை, எந்தப் பக்கம் எவ்வளவு வாசிக்கப்பட்டது என்பது வரையில், ஏழு கடல் தாண்டி யாரோ படித்து அறியலாம். மகன் அறியலாம், மருமகள் அறியலாம், அவர் மட்டும் அறியக் கூடாது. அவருடைய மனையை விற்பதா என்பதைக்கூட அவரில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். பாப்பரசர் அதே 1957-ம் வருஷப் பேச்சில், நோயாளியின் மனதுக்கு வெளியே வைத்தியனுக்குத் தனி உரிமை இல்லை என்கிறார். நினைவிழந்து கிடக்கும் நோயாளிக்காகக் குடும்பத்தார் தீர்மானிக்கும்போதுகூட அவர் என்ன விரும்பியிருப்பார் என்பதையே பின்பற்ற வேண்டும் என்கிறார். நம் ஆளோ நினைவிழந்து கிடக்கவில்லை. காலை ஆறு மணிப் பூசைக்கு நொண்டியபடி வந்து முன் வரிசையில் உட்காருகிறார். அவருக்கு ஆத்துமமும் உண்டு; அதற்கு ஆயத்தம் செய்துகொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு.

ஞாயிறு மாலை மகனும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். நான் சொல்வதாக ஏற்றுக்கொண்டேன்; ஆனால் படியேறும்போது மகன் என் கையைப் பிடித்து, "நானே சொல்லிவிடுகிறேன்" என்றார். சொன்னார். உள்ளே அம்மாவின் அழுகை கேட்டது. பெரியவர் தம் காலைத் தூக்கி முழங்கால் மேல் வைத்து, அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ இது கால் ஆணி இல்லையா, சாமி?"

"இல்லை, ஐயா."

"எனக்கும் கொஞ்ச நாளா சந்தேகந்தான். இவங்க முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுது. கேட்டா இவங்க அழுவாங்களேன்னு கேக்கலை."

பிறகு மகன் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார், மனையைப் பற்றியும். பெரியவர் ஒன்றே கேட்டார்: அந்த ரிசல்ட் வந்தால் வைத்தியம் மாறுமா? இப்போதைக்கு மாறாது என்றோம். மனையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, நோயில்பூசுதலும் பெற்றுக்கொண்டார். தம் கையால் பெட்டியைத் திறந்து, எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று மகளுக்குக் காட்டினாராம்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். மேல் விவரம் இனிமேல்தான் தெரியும்.

இன்று இரவு ஜெபமாலைக்கு முழந்தாளிடும்போது, முன்னால் இருப்பவருடைய உள்ளங்கால் உங்கள் கண்ணில் படும். பிள்ளைகளே, தாத்தா பாட்டி கால்களைப் பாருங்கள். அவர்களால் குனிந்து பார்த்துக்கொள்ள முடியாது. வளருகிற கருப்புப் புள்ளி, ஓரம் ஒழுங்கில்லாத கறை, நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு, ஆறாத புண் எது இருந்தாலும் பிளேடை எடுக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பெரியவருக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டியிருக்கிறது. மகன் வேலைக்குப் போகும் நாட்களில் ஆட்டோவில் கூடப் போய் வர இரண்டு பேர் தேவை. முடிந்தவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு உபதேசியாரிடம் பெயர் கொடுக்கவும்.